வேண்டுதல் மீன்

வெள்ளாங்குளத்துப்பட்டி,
மேலூர் வழி.
14 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பி சித்தார்த்துக்கு,

அக்கா பாண்டிமீனா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் மச்சான், பிள்ளைகள் எல்லாரும் சுகம். மாமாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா? அந்த மலைக்கு டவர் வருகிறவரை நாம் இரண்டு பேரும் கடுதாசி எழுதியே கிழடு ஆகவேண்டியதுதான்.

முந்தாநாள் அழிகண்மாய். மூன்று வருஷமாகத் தண்ணீர் வற்றாததால் இந்த வருஷம்தான் ஊர் மொத்தமும் கண்மாயில் இறங்கி மீன் பிடிக்க வாய்த்தது. சுற்றுப்பட்டு எல்லாம் ஊத்தாக்கூடையும் வலையுமாக விடியுமுன்னே கரையில் நின்றது. பெரியவர் துண்டை வீசினதும் ஓவென்று இறங்கினோம். அப்புறம் நடந்ததைக் கேள். விரால் இல்லை. கெண்டை இல்லை. அயிரை ஒன்றுகூட இல்லை. ஊத்தாவைக் கவிழ்த்து உள்ளே கைவிட்டால் கறுப்பாக, மீசையோடு, முழங்கை நீளத்துக்கு ஒரே சாதி மீன். நம் கொல்லையில் நீ வெட்டின மீன்குழியில் வளர்ந்ததே, அந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி, அதேதான். ஒச்சம்மாள் அக்கா சேற்றில் நின்றபடியே, "எடி மீனா, அம்புட்டுச் சனம் எறங்கிருக்கு, கொழம்புக்கு ஒரு அயிரை ஆப்டலியேடி!" என்று அழுதே விட்டது. அதன் மகளை மானாமதுரையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அழிகண்மாய் மீனைச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பாவிட்டால் என்ன பேச்சு வரும் என்று உனக்கே தெரியும்.

சாயந்தரம் மந்தைத் திடலில் ஊர்க்கூட்டம். என் மாமனார் கண்மாய்க் காவல் என்பதால் பேச்சு அவர்மேல் திரும்பியது. கண்ணுச்சாமி எழுந்து, "காவக்காரனுக்குத் தெரியாம கண்மாயில ஒரு தவளை எறங்குமாய்யா? எவன்கிட்டயோ கை நனைச்சிட்டுத்தான் விட்ருக்காரு" என்றான். இருபத்திரண்டு வருஷம் காவல் பார்த்த மனுஷனைப் பார்த்து! மாமா தலை நிமிரவில்லை. இன்னொருத்தன் உன் மீன்குழியைப் பேச்சில் இழுத்தான். எனக்கு வந்ததே ஆத்திரம். நேராக அய்யனார் வாசலுக்குப் போய்ச் சூடத்தைக் கொளுத்தி, "என் தம்பி அம்புட்டு மீனையும் கொன்னு பொதச்சிட்டுத்தான் போனான்" என்று கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். உன் பேச்சை அதோடு விட்டார்கள்.

ஆனாலும் விசாரணை முடியும்வரை மாமா காவலுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நீ மீன் படிப்புப் படித்தவன். அந்தச் சாதி எப்படி வந்தது என்று விவரமாக எழுது. மந்தையில் வாசித்து மாமா பெயரை மீட்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
மீனா


முகாம், வால்பாறைக்கு மேலே
3 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். ரேஷன் கொண்டுவரும் ஜீப்பில் உன் கடிதம் வந்தது. மாமாவின் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

இங்கே ஓடையில் நீர்நாய்களைப் பற்றிய வேலை. அவை பாறைமேல் போட்ட எச்சத்தைச் சேகரித்து, அலசி, என்ன தின்றிருக்கின்றன என்று பார்ப்போம். மேல் ஓடையில் நண்டின் ஓடும் சின்ன மீனின் முள்ளும்தான் வரும். கீழே அணைக்கட்டுப் பக்கம் ஜிலேபி மீன் செதில் வர ஆரம்பித்திருக்கிறது. யாரோ எப்போதோ விட்ட மீன். அது வந்தபின் அங்கே நீர்நாயின் சாப்பாடு மாறிவிட்டது.

நீ கேட்ட மீன், கிடைத்ததையெல்லாம் தின்னும். குஞ்சு, முட்டை, தவளை, நத்தை எதையும் விடாது. தண்ணீர் கெட்டாலும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும். பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரோடு வந்திருக்கலாம். அப்படித்தான் பல இடங்களில் பரவுகிறது. மாமாமேல் தப்பு இல்லை என்று ஊரில் சொல்.

நீ எதற்குச் சூடம் அணைத்தாய் அக்கா? அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்.

அன்புடன்,
சித்தார்த்


வெள்ளாங்குளத்துப்பட்டி
26 மே 2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு சுகம் என்று எழுதத்தான் ஆசை. சின்னவனுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், இப்போது தேவலை. எம்.எஸ்ஸி. படித்தவன் நீர்நாய்ப் பீயை அலசிக்கொண்டு இருக்கிறாய் என்று உன் மச்சானிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்ளைக்கு ஒரு கிளவுஸ் வாங்கி அனுப்பு" என்கிறார்.

உன் கடிதத்தை மந்தையில் வாசித்தேன். கால்வாய் என்ற சொல் வந்ததும் பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர், நமக்கு மேல்மடையில் இருக்கிற மேலப்பட்டிக்காரன்தான் விட்டிருக்கிறான் என்று கிளம்பிவிட்டார்கள். இப்போது அந்த ஊர்க்காரன் நம் டீக்கடையில் டீ குடிக்க முடியவில்லை. மாமாவை மட்டும் யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

நீ எழுதினாயே தவளை என்று, அதைப் படித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. போன மழைக்கு ராத்திரிச் சத்தமே இல்லை. காது கேட்காமல் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். தவளை இல்லை, கொசுப்புழுவைத் தின்னும் பொடிமீனும் இல்லை, ஊரெல்லாம் கொசு. படித்துறையில் துணி அலசும்போது காலைக் கொத்தக் குஞ்சுமீன் வருமே, இப்போது காலை வைத்தால் வைத்தபடியே இருக்கிறது. தண்ணீரும் எப்போதும் கலங்கலாகக் கிடக்கிறது. அல்லி இரண்டு வருஷமாகப் பூக்கவில்லை. கருவேல மரங்களில் கூடு கட்டுகிற கொக்கும் நீர்க்காகமும் இந்த வருஷம் பத்துக்கூடு தேறாது. கொக்கு எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்தால் உரம் பாதி மிச்சம் என்று மாமா சொல்வார். அதுவும் போச்சு. ஒரு மீனால் இம்புட்டா? எனக்கு நம்பவே முடியவில்லை.

மாமா வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். உன் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது "உம்" என்றதோடு சரி.

பதில் போடு.

அக்கா


வெள்ளாங்குளத்துப்பட்டி
9 ஜூலை 2024

தம்பிக்கு,

நலம். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஜீப் கெட்டுப்போயிற்றா, உன் கை கெட்டுப்போயிற்றா?

போன ஞாயிறு மேலப்பட்டிக்காரர்கள் நம் ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போய், அவர்கள் கண்மாயில் எல்லார் கண்முன்னாலும் வலை இழுத்துக் காட்டினார்கள். மூன்று இழுப்பு. கெண்டை, குரவை, உளுவை, அயிரை. தவளைகூட வந்தது. மீசைக்காரன் ஒன்றுகூட இல்லை. அவர்கள் ஊருக்கும் அதே கால்வாய்தான், நமக்கு முன்னாலேயே பாய்கிறது. "படிச்ச புள்ள எழுதுச்சுன்னீக, இதுக்கு என்ன எழுதும்?" என்று அவர்கள் ஊர்ப் பெரியவர் கேட்டார்.

அன்றைக்கே கூட்டம் போட்டு மாமாவைக் காவலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கண்ணுச்சாமியின் மகன் விக்ரம்தான் இனி காவல். தெருவில் மாமாவைப் பார்த்தால் வழி மாறிப் போகிறார்கள். அவர் சாப்பிடுவது ஒரு வேளைதான். நான் திட்டினால் இரண்டு வேளை.

எனக்கு உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது கேட்கவில்லை.

மீனா


முகாம்
30 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே விடாத மழை, பாதை இடிந்துவிட்டது. அதனால்தான் தாமதம். மாமாவுக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். அவரை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். வேறு விசேஷம் இல்லை.

சித்தார்த்


வெள்ளாங்குளத்துப்பட்டி
18 ஆகஸ்ட் 2024

சித்தார்த்,

ஸ்வெட்டர் வந்தது. மேலூர் வெயிலுக்கு ஸ்வெட்டரா? அறிவு இருக்கிறதா உனக்கு?

ஒரு புதுச் சேதி சொல்கிறேன். கூழைக்கடாக்கள் வந்திருக்கின்றன, முப்பது நாற்பது இருக்கும். நம் கண்மாயில் ஒருநாளும் பார்த்ததில்லை. பெரிய பையை அலகில் கட்டிக்கொண்டு அந்தக் கறுப்பு மீனை அப்படியே விழுங்குகின்றன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் கரையிலேயே கிடக்கின்றன. விருந்தாளிக்கு நல்ல சாப்பாடுதான். ஆனால் முக்குளிப்பான் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதற்கு வேண்டிய பொடிமீன் எங்கே இருக்கிறது?

இனி விஷயம். முந்தாநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். நீ மீனைப் புதைத்ததாகக் கைகாட்டின இடத்தை இடுப்பளவு தோண்டினேன். முள் இல்லை. சுண்ணாம்பு இல்லை. ஒரே செம்மண். பக்கத்தில் இன்னொரு இடத்திலும் தோண்டினேன். அங்கேயும் அதே செம்மண்தான். மாமா தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், என்ன தேடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பன் ஆத்தா போனபிறகு உனக்குச் சோறு போட்டவள் கேட்கிறேன். நான் அணைத்த சூடம் பொய்யா?

மீனா


முகாம்
12 செப்டம்பர் 2024

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

நீ அணைத்த சூடம் பொய்தான். நான் புதைக்கவில்லை.

2021 ஐப்பசியில் மீன்வளத்துறை அதிகாரி வந்து, இது தடை செய்த சாதி, மூன்று நாளில் கொன்று சுண்ணாம்பு போட்டு மூடு என்றார். மூன்றாம் நாள் விடியலில் சுண்ணாம்பு மூட்டையை அவிழ்த்தேன். தீனி போட வந்திருக்கிறேன் என்று நினைத்து எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்தன. மூன்று மாசம் தீனி போட்ட கை அக்கா, எனக்குக் கொட்ட முடியவில்லை. அந்த வாரம்தான் கண்மாய்க்கு முதல் தண்ணீர் வந்திருந்தது. முதல் தண்ணீரில் வேண்டிக்கொண்டு மீன்குஞ்சு விடுவது ஊர் வழக்கம்தானே? யாரோ பிள்ளைவரத்துக்கு விடுகிறார்கள், யாரோ நோய் தீர விடுகிறார்கள். நான் வேலைக்கு வேண்டிக்கொண்டு விட்டேன். குடத்தில் மொண்டு பதினாலு நடை. இவ்வளவு பெரிய கண்மாயில் எண்ணூறு மீன் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். பாவம் செய்யாமல் தப்பித்தோம், புண்ணியமும் சேர்ந்தது என்றுகூட நினைத்தேன். பதினோராம் நாள் இந்த வேலைக்கு ஆர்டர் வந்தது. அய்யனார் காதில் விழுந்துவிட்டது என்று நீயே பொங்கல் வைத்தாய்.

இங்கே வந்த முதல் வருஷமே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு ஓடையில் எதை எது தின்கிறது, ஒன்று போனால் எது எது கூடவே போகும் என்று கணக்கெடுப்பதுதான் என் வேலை. அன்றைக்கே வந்து சொல்லியிருந்தால் குஞ்சு பொரித்துப் பெருகுமுன் பிடித்திருக்கலாம். இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பிறகு கால்வாய் என்று பொய்யும் எழுதினேன். அந்தப் பொய்யில் ஒரு ஊர்மேல் பழி விழுந்தது. மாமா காவல் போச்சு. வெட்கமாக இருக்கிறது அக்கா. பயமாகவும் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை மந்தையில் வாசி. ஒரு எழுத்துக்கூட விடாதே. முக்கியமாக இதை வாசி: மாமாவுக்கு எதுவும் தெரியாது. அவர் அன்றைக்கு மறுகரையில் இருந்தார். நான் விட்டதை அவர் பார்க்கவில்லை.

ஊர் என்ன தண்டனை சொன்னாலும் வருகிறேன்.

சித்தார்த்


வெள்ளாங்குளத்துப்பட்டி
3 நவம்பர் 2024

தம்பிக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். பதில் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று தவித்திருப்பாய். தவித்திரு. உன் கடிதத்தை ஒரு மாசம் அரிசி டிரம்முக்குள் போட்டு வைத்திருந்தேன். அரிசி அள்ளும்போதெல்லாம் கையில் தட்டும். கிழித்துப் போட்டுவிடலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். உன்னைக் காட்டிக் கொடுக்கவும் மனசில்லை, அந்தக் கிழவரைப் பார்க்கவும் முடியவில்லை.

அக்டோபர் கடைசியில் முதலில் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிருக்கான்ல, அந்த வரிய இன்னொருக்கா வாசி தாயி" என்றார். வாசித்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போய்விட்டார். ஆறு மாசத்துச் சுமை இறங்கிவிட்டது மனுஷனுக்கு என்று நினைத்து நான் அழுதேன்.

மறுநாள் மந்தையில் வாசித்தேன். நடுவில் ஒச்சம்மாள் அக்கா தண்ணீர் கொடுத்தது. கண்ணுச்சாமிகூட ஏசவில்லை, "ஏன்டா, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல" என்றான், நீ எதிரில் நிற்கிற மாதிரி. தீர்ப்பு இதுதான். பங்குனியில் தண்ணீர் சுருங்கியதும் நீ லீவு போட்டு வரவேண்டும். மடையைத் திறந்து கடைசிக் குட்டைவரை இறைத்து, சேற்றைக் கிளறி, அந்தச் சாதியை ஒன்றுவிடாமல் எடுத்துப் புதைக்க வேண்டும். அப்புறம் மேலப்பட்டியில் மன்னிப்புக் கேட்டு, அவர்கள் கண்மாயிலிருந்து கெண்டையும் அயிரையும் வாங்கிவந்து விடவேண்டும். பழைய மாதிரி ஆகும் என்று யாரும் நம்பவில்லை. சேற்றுக்குள் ஒன்று தப்பினாலும் திரும்ப வரும் என்று நீயே படித்திருப்பாய். சத்தியம் பொய்த்ததால், அடுத்த அழிகண்மாய்வரை கோயில் வாசலை நான்தான் கூட்டித் தெளிக்க வேண்டும். தினமும் போகிறேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் கூட்டுகிறேன்.

மாமாவுக்கு ஊர் துண்டு போர்த்தி, மறுபடியும் காவலுக்கு வாருங்கள் என்று கேட்டது. விக்ரமே வந்து காலில் விழுந்தான். மாமா, "ரோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டார். என்ன யோசனையோ தெரியவில்லை. வீட்டில் நான் நச்சரித்தேன். "மாப்ளைக்கு ஒரு கடுதாசி எழுதணும், நான் சொல்லச் சொல்ல எழுது" என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறோம்.

என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


வெள்ளாங்குளத்துப்பட்டி
10 நவம்பர் 2024

மாப்ள சித்தார்த்துக்கு,

சுருளி சொல்லி, மருமக மீனா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். முழங்கா வலி கெடக்கு. நீ அனுப்புன ஸ்வெட்டர மடக்கித் தலைக்கு வச்சுப் படுத்துக்கிறேன், சொகமா இருக்கு.

ஊர் என்னயக் காவலுக்குக் கூப்பிட்டுச்சு. நான் இன்னும் பதில் சொல்லல. எதுக்குச் சொல்லலன்னா, நீ கடுதாசியில எழுதுனது பொய். நான் மறுகரையில இல்ல. நீ மொதக் குடம் கவுக்கயில நான் மடைக்கல்லு மேலதான் உக்காந்திருந்தேன். உனக்கும் தெரியும். என்னயக் காப்பாத்துறதா நெனச்சு எழுதிட்ட.

நான் ஒன்னய, "என்ன மாப்ள, வேண்டுதலா?"ன்னு கேட்டேன். நீ ஆமான்ன. குஞ்சு விடுறதுதான் வழக்கம், நீ கவுத்தது கையகலத்துக்கு மேல இருந்துச்சு. இது என்னா சாதி, எங்க வாங்குனன்னு நான் கேட்டிருக்கணும். ஊர்க் காவக்காரன் கேக்க வேண்டியது அது ஒண்ணுதான். கேக்க வாய் தொறக்கயில நீ நாலு மீனப் பையில போட்டுக் குடுத்த. வேண்டுதல் மீனக் காவக்காரன் தொடக் கூடாது. நான் வாங்கிக்கிட்டேன். வாய அடைக்க நீ குடுக்கல, பிரியமாத்தான் குடுத்த. ஆனா என் வாய் அடைஞ்சு போச்சு மாப்ள.

கண்ணுச்சாமி மந்தையில, கை நனைச்சிட்டான்னு சொன்னான்ல? அவன் வாயில வந்தது நெசம். அதனாலதான் எனக்குத் தல நிமிரல. நீ பொதைக்கவே இல்லைன்னு தெரிஞ்சும், இவ சூடம் அணைக்கப் போகயில கையப் பிடிச்சுத் தடுக்கல. அது என் பாவம். இவ குழி தோண்டயிலயும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.

(தம்பி, இதை எழுதும்போது என் கை நிற்கிறது. அந்த நாலு மீனை நான்தான் குழம்பு வைத்தேன். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, மேலூர்ச் சந்தையில் என்றார். என் கொல்லைக்குழி மீன் எனக்கு அடையாளம் தெரியாதா? தெரிந்தது. ருசியாக இருந்தது, கேட்காமல் விட்டுவிட்டேன். மீனா.)

இவ என்னமோ ஊடால எழுதுறா. எழுதட்டும். நாளைக்குக் காலையில மந்தையில எல்லாத்தையும் சொல்லப் போறேன். இவ, "வேண்டாம் மாமா, போர்த்துன துண்ட ஊர்ல புடுங்கிருவாக"ங்கிறா. புடுங்கட்டும். நீ என்ன சொல்லுவேன்னு தெரியல. உன் பதில் வர பதினஞ்சு நாளாகும், அம்புட்டு நாள் என்னால அந்தத் துண்டோட தெருவுல நடக்க முடியாது. பங்குனியில வா. சேத்துல எறங்க ரெண்டு ஆளாச்சு.

இப்படிக்கு,
சுருளி

(மூணு ஆளு. நானும் இறங்குகிறேன். மீனா.)